அஞ்சு பவுனுக்குப் பில்

மணமேல்குடி
12.06.2024

அன்புத் தங்கச்சி ராசாத்திக்கு, அண்ணன் குணசேகரன் எழுதுவது.

இங்கே நானும் வனிதாவும் இருக்கிறோம். அவளுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது, மற்றபடி குறையில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மச்சானுக்கு இருமல் நின்றதா?

போன் பண்ணாமல் இதென்ன புதுசாகக் கடுதாசி என்று நினைப்பாய். போனை அணைத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். எடுத்தால் கடன்காரர் குரல்தான் கேட்கிறது. உங்கள் வீட்டு போனும் எந்நேரமும் மச்சான் சட்டைப்பையில் இருக்கும். அதனால்தான் நீ சத்துணவு சமைக்கிற பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இறால் குட்டை மூன்றும் போய்விட்டன. போன புரட்டாசியில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து, பிடிப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லாம் செத்து மிதந்தன. மறுபடி கடன் வாங்கிக் குஞ்சு விட்டேன், அதுவும் நிற்கவில்லை. இனி என்னால் கட்ட முடியாது. புதுக்கோட்டையில் ஷர்லி என்று ஒரு வக்கீலம்மா. கோர்ட்டில் மனுப் போட்டு, என்னிடம் இருப்பது இவ்வளவுதான் என்று ஒப்படைத்துவிடலாம் என்கிறார். நம் பக்கத்தில் இதற்கு மஞ்சக் கடுதாசி கொடுப்பது என்று பெயர். ஆமாம் தாயி, உன் அண்ணன் மஞ்சக் கடுதாசி கொடுக்கப் போகிறான்.

அதற்கு ரெண்டு வருஷமாக நான் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் பில் வேண்டுமாம். "யாருக்கு என்ன குடுத்தீங்க, எங்க வாங்குனீங்க, எல்லாத்துக்கும் பில்லு வேணும். ஒன்னை மறைச்சாலும் மனு நிக்காதுங்க" என்றார். போன ஆவணியில் வைஷ்ணவி கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த பீரோ, கிரைண்டர், குத்துவிளக்கு, பட்டுப்புடவை ஆகியவற்றின் பில்லை உன் கையில்தான் கொடுத்தேன். தேடி அனுப்பி வை. மச்சானிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன் குணசேகரன்


கொடும்பாளூர்
26.06.2024

அண்ணனுக்கு ராசாத்தி வணக்கத்தோடு எழுதுவது.

முட்டி பழையபடிதான். உங்கள் மச்சானுக்கு இருமல் நின்றுவிட்டது, கோபம்தான் நிற்கவில்லை. மதினியிடம், பச்சரிசிச் சோற்றைத் தொடக்கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடுதாசியை ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். கூட வேலை பார்க்கிறவள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, வெங்காயமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். புரட்டாசியில் செத்த இறாலை ஆனி மாசம் சொல்கிறீர்களே, நான் என்ன அசலாளா? ஒரு வாய்ச்சொல் சொல்லக்கூடாதா? பொங்கலுக்கு வந்து வாய் நிறையச் சிரித்துவிட்டுப் போனீர்களே, எப்படி முடிந்தது உங்களால்?

இதோடு நாலு பில் வைத்திருக்கிறேன். கிரைண்டர் பில்லில் எழுத்து மங்கிவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. சீக்கிரம் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது இந்த நாலுதான். வேறு எதற்காவது வேண்டுமென்றால் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

உங்கள் மச்சானிடம் நான் மூச்சு விடவில்லை. பக்கத்து ஊரில் ஒருத்தர் இப்படிக் கொடுத்தபோது, "மஞ்சக் கடுதாசி குடுத்தவன் வீட்டுல பச்சத் தண்ணி வாங்கிக் குடிக்கப்படாது" என்று பேசிய ஆள் அவர். அந்த வாய்க்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
ராசாத்தி


மணமேல்குடி
20.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

பில் நாலும் வந்து சேர்ந்தது. வனிதா பச்சரிசியை விட்டுவிட்டாள், உன் பேரைச் சொன்னதும் மறுபேச்சு இல்லை.

வீட்டில் இப்போது ஒரு தீவனச் சாக்கு நிறையப் பில் இருக்கிறது. இறால் தீவனம், டீசல், காற்றாடி மோட்டார் ரிப்பேர், மருந்து. அப்பா, "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பார். அளந்து போட்டதற்கு ரசீது வாங்கி வை என்று யாரும் சொல்லவில்லை. மனு முடிகிறவரை அன்றாடம் வாங்குவதற்கும் பில் வைக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீலம்மா. போன வாரம் கட்டுமாவடியில் செருப்பு அறுந்து, ரோட்டோரக் கடையில் நூற்று எண்பது ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கிப் பில் கேட்டேன். "ஏண்ணே, இன்கம் டாக்ஸு கட்டப் போறீங்களா?" என்று அந்த ஆள் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் அவன் கையெழுத்தை வாங்கி வந்தேன்.

நேற்று வக்கீலம்மா பட்டியலை வாசித்துக் காட்டி, "வேற ஏதாச்சும் விட்டுப் போச்சாங்க?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வைஷ்ணவி எப்படி இருக்கிறாள்? மாப்பிள்ளை நிலவழகன் நன்றாக வைத்துக்கொள்கிறாரா? எழுது.

அன்புடன்
அண்ணன்


கொடும்பாளூர்
18.08.2024

அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். மதினிக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று அடுத்த கடுதாசியில் எழுதுங்கள்.

நல்ல சேதி. வைஷ்ணவிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, ரெண்டு மாசம். "மொதல்ல மாமாகிட்ட சொல்லணும்மா, போனே போக மாட்டேங்குது" என்று அவளுக்கு ஒரே குறை. நான் எழுதிச் சொல்கிறேன் என்றேன். நீங்கள் போட்ட அஞ்சு பவுன் சங்கிலியைக் கழுத்தை விட்டு எடுப்பதே இல்லை. யார் கேட்டாலும் எங்க மாமா போட்டது என்கிறாள். அதைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
ராசாத்தி


மணமேல்குடி
30.09.2024

அன்புத் தங்கச்சிக்கு,

வைஷ்ணவி சேதி படித்து வனிதா கையிலிருந்த சீனியை வாயில் போட்டுக்கொண்டாள், அவளுக்கு ஆகாது என்பதே மறந்துபோயிற்று. சர்க்கரை இருநூற்று நாற்பது. புள்ளையை வெயிலில் அலையவிடாதே.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத ஒன்று இருந்தது, கை வரவில்லை.

மனுவை எதிர்த்துத் தீவனக்கடை பாலாஜி வக்கீல் வைத்திருக்கிறான். எனக்கு அதிகம் கடன் கொடுத்தவன் அவன்தான். கல்யாணத்துக்கும் வந்திருந்தான். மொய் எழுதுகிறவர் மைக்கில், "தாய்மாமன் மணமேல்குடி குணசேகரன், அஞ்சு பவுன் சங்கிலி" என்று ரெண்டு தடவை சொன்னாரே, அதை அவன் காதால் கேட்டிருக்கிறான். தனக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் மருமகளுக்கு அஞ்சு பவுன் போட்டிருக்கிறான், அதைப் பட்டியலிலும் மறைத்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ரெண்டு வருஷத்துக்குள் சொந்தக்காரருக்குச் சும்மா கொடுத்ததைக் கோர்ட் திரும்ப எடுத்துக்கொள்ளுமாம். மறைத்தது என்று ஆகிவிட்டால் மனுவும் தள்ளுபடி. போன வாரம் பாலாஜி ஆட்கள் நாலு பேர் வந்து வாசலில் உட்கார்ந்து வனிதாவைக் கேட்கக்கூடாத கேள்வி கேட்டார்கள். நான் உள்ளே இருந்தேன். வெளியே வரவில்லை. மனு நின்றால்தான் இது நிற்கும்.

அந்தச் சங்கிலிப் பில் என்னிடம் இல்லை. மழையில் எங்கோ போய்விட்டது. நீ ஒரு உதவி செய். யாராவது கேட்டால், சங்கிலி உன் பணத்தில் வாங்கியது, நான் போட்டுவிட்டது மட்டும்தான் என்று சொல்லிவிடு. என்னை நம்பிச் சொல்.

அண்ணன்


கொடும்பாளூர்
11.11.2024

அண்ணனுக்கு,

தீபாவளிக்கு முந்தி எழுத நினைத்தேன், முடியவில்லை. மதினியின் கணக்கு இருநூறுக்குக் கீழே வர வேண்டும். வைஷ்ணவிக்கு இப்போது வாந்தி நின்றுவிட்டது.

இதோடு ரெண்டு பில் இருக்கிறது. சின்னது, சங்கிலி வந்த டப்பாவில் சிவப்பு வெல்வெட்டுக்கு அடியில் மடித்துக் கிடந்தது. போன வருஷம் தலைதீபாவளிக்கு வைஷ்ணவி வந்தபோது அவள் கழுத்து கறுத்திருந்தது. பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிவைத்தேன். அப்போது கிடைத்தது. பெரியது அதற்கு நாலு நாள் கழித்து எடுத்தது.

ரெண்டையும் வக்கீலம்மாவிடம் கொடுங்கள்.

ராசாத்தி


மணமேல்குடி
02.12.2024

ராசாத்தி,

உன் கவரைப் பிரித்து ரெண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அன்றாடம் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன்.

சின்னப் பில்லைப் பார்த்ததுமே எனக்கு உயிர் போய்விட்டது. கவரிங் சங்கிலி ஒன்று, ஆயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். என் பேர் போட்டிருக்கிறது. ஒரு வருஷமாக இதை வைத்துக்கொண்டா நீ எனக்குக் கடுதாசி எழுதினாய்? சத்தியமாகச் சொல்கிறேன், ஏமாற்றுவதற்குப் போடவில்லை. புரட்டாசிப் பிடிப்பு முடிந்ததும் நிஜச் சங்கிலி வாங்கி, ஓசைப்படாமல் மாற்றிவிடலாம் என்று இருந்தேன். மேடையில் மொய் எழுதுகிறவர், "மாமன் சீரு என்னங்க?" என்று கேட்டார். சங்கிலி என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சபை மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயிலிருந்து அஞ்சு பவுன் என்று வந்துவிட்டது. அப்புறம் இறால் செத்தது.

பெரிய பில்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அஞ்சு பவுன் சங்கிலி, உன் பேரில். அதற்குக் கீழே, "பழைய நகை வரவு: வளையல் 4" என்று இருக்கிறது. அப்பா கடலை விற்ற காசில் உனக்குச் செய்து போட்ட வளையல்தானே அது? நீ ஒரு வார்த்தை எழுதவில்லை, பில் சொல்லிவிட்டது. போன பங்குனியில் விராலிமலைக் கோவிலில் உன்னைப் பார்த்தேனே, கையில் நாலும் கிடந்ததே. அதுவும் கவரிங்தானா?

இந்த ரெண்டு பில்லையும் நான் கோர்ட்டில் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் வைஷ்ணவி மாமியார் வீட்டுக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும். மனுவை வாபஸ் வாங்கிவிடுகிறேன். என் தலையில் எழுதியது என்னோடு போகட்டும்.

குணசேகரன்


கொடும்பாளூர்
09.12.2024

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கிற மனசு எனக்கு இன்றைக்கு இல்லை. கோபமாக இருக்கிறேன்.

என்ன பேச்சு இது, வாபஸ் வாங்குகிறேன் என்று? வாங்கினால் பாலாஜி ஆட்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். நீங்கள் உள்ளே உட்கார்ந்திருப்பீர்கள், மதினி பதில் சொல்வார். அந்த அம்மா உங்களைக் கட்டிக்கொண்டதற்கு இது ஒன்றுதான் பாக்கியா? சீனியை விடச் சொன்னால் மட்டும் போதுமா அவர் உடம்பு தேற? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை, "இந்தத் தடவை முடியலைத்தா" என்று சொல்லியிருந்தால் வெறும் வெற்றிலைபாக்கோடு உங்களை மேடையில் ஏற்றியிருப்பேன். அதற்கு எவன் வந்து கேட்டிருப்பான்?

ஆமாம், கையில் கிடப்பது கவரிங்தான். பள்ளிக்கூடத்து அண்டா தேய்க்கிற கைக்கு அது போதும். நான் ஒன்றும் தியாகம் பண்ணவில்லை. என் மகள் போன இடத்தில் என் அண்ணனைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது என்று பண்ணினேன். ஊருக்கு நானும் பொய்தான் சொன்னேன். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் வேறு எப்படி இருப்போம்?

பில்லைக் கொடுங்கள். கேள்வி கேட்டால் நானே கூண்டில் ஏறிச் சொல்கிறேன். அந்தக் கவரிங் சங்கிலியும் என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுவருகிறேன். தேதி எழுதுங்கள்.

ராசாத்தி


மணமேல்குடி
28.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் மச்சானும் நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? முட்டிவலியோடு அந்தக் கோர்ட் மாடிப்படி அத்தனையும் ஏறினாயே. ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாய். நான் ஹோட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

நீ பேசியது காதிலேயே இருக்கிறது. "ஒங்க அண்ணன் போட்டது தங்கமா இல்லையாம்மா?" என்று பாலாஜி வக்கீல் கேட்டார். "இல்லைங்க. கவரிங்" என்றாய். "தெரிஞ்சும் ஏன் ஒரு வருஷமா சொல்லலை?" என்றார். நீ அவரை நிமிர்ந்து பார்த்து, "அண்ணன் இல்லைங்களா" என்றாய். நான் செய்ததை எல்லாம் கூண்டில் நின்று நானே சொன்னபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. அப்போது வந்தது.

மச்சான் கடைசிப் பெஞ்சில் தலை குனிந்தே இருந்தார். நீ முந்தின நாளே சொல்லிவிட்டாயா? உன்னோடு பேசுகிறாரா? பாலாஜியோடு வந்தவர்களில் சம்பந்தி வீட்டுப் பங்காளி ஒருத்தர் இருந்ததைப் பார்த்தேன். அது முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வரியாவது எழுது.

அண்ணன்


கொடும்பாளூர்
24.01.2025

அண்ணனுக்கு ராசாத்தி எழுதுவது.

மதினிக்கு எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

உங்கள் மச்சான் ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் சோறு போடும்போது, "வளையலை வித்தத எங்கிட்டச் சொல்லணும்னு ஒனக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டார். தோணவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அப்போதிருந்து பேசுகிறார். குறைத்துத்தான் பேசுகிறார்.

வைஷ்ணவிக்கு வளைகாப்பு தை இருபத்தேழு, பிப்ரவரி ஒன்பதாம் தேதி. ஆபீஸ், பள்ளிக்கூடம், கோர்ட் கச்சேரி எல்லாம் லீவாக இருக்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பங்காளி ஒன்றுவிடாமல் போய்ச் சொல்லியிருக்கிறார். சம்பந்தியம்மா நேரிலேயே வந்துவிட்டார். "கவரிங் போட்ட மாமன் சபையில வந்து தட்டு வச்சா எங்க சனம் என்ன பேசும்? மஞ்சக் கடுதாசி வேற குடுத்திருக்காரு. அவரு வந்தா நாங்க வரலைங்க" என்றார். நான் அந்த அம்மாவிடம் கெஞ்சினேன் அண்ணே. ஜென்மத்தில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. வைஷ்ணவி, "எங்க மாமா இல்லாம எனக்கு எந்த வளையலும் வேணாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. டாக்டரம்மா, புள்ளைத்தாச்சியை அழவிடக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். அதற்குமேல் என்னால் சண்டை போட முடியவில்லை.

வாருங்கள், வருவது வரட்டும் என்று மூணு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது தாள். வராதீர்கள் அண்ணே. இதை எழுதுகிற கை என் கைதான், கட்டாயப்படுத்தி யாரும் எழுத வைக்கவில்லை. உங்களைக் கூண்டிலிருந்து இறக்க ஏறினேன். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தாலும் ஏறித்தான் இருப்பேன். ஆனாலும் பொறுக்கவில்லை.

உங்கள் தங்கச்சி
ராசாத்தி


மணமேல்குடி
31.01.2025

அன்புத் தங்கச்சி ராசாத்திக்கு, அண்ணன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

இங்கே எல்லாம் நல்லபடி இருக்கிறது. வனிதாவுக்கு நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கிவிட்டது. வாசலுக்கு இப்போது யாரும் வருவதில்லை. உன் சாட்சிக்குப் பிறகு மனு தள்ளுபடி ஆகாது என்று வக்கீலம்மா தைரியம் சொன்னார். அஞ்சு பவுன் வைஷ்ணவியினுடையதுதான், அதைத் தொடமாட்டார்கள். பெரிய பில்லில் உன் பேர் இருப்பதால் அதற்கு வேறு பேச்சே இல்லை என்றார்.

வைஷ்ணவியின் பிரஷரைக் கவனிக்காமல் விசேஷம் வேண்டாம். உப்பைக் குறை, ஊறுகாயைக் கண்ணில் காட்டாதே. அன்றைக்கு ரொம்ப நேரம் மனையில் உட்காரவைக்காதே. சம்பந்தியம்மாவிடம் மூஞ்சியைக் காட்டாதே, புள்ளை அங்கேதான் வாழ வேண்டும். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

உன் கடுதாசியைப் பற்றி நீ ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாதே. அது வராவிட்டாலும் நானே எழுதியிருப்பேன், என்னால் வர முடியாது என்று. அன்றைக்கு எனக்குப் புதுக்கோட்டை கோர்ட்டில் வாய்தா போட்டிருக்கிறார்கள். இப்போதுதான் தெரிந்தது. அதனால் நீ வரவேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. நாங்கள் அழைத்தோம், அவரால்தான் வர முடியவில்லை என்று எல்லாரிடமும் சொல்லு. வைஷ்ணவியிடமும் அப்படியே சொல்லு, மாமா வரணும் என்றுதான் இருந்தார், கோர்ட் விடவில்லை என்று. காலை பத்து மணிக்கே போய் நிற்க வேண்டும். ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கோர்ட்டில் என் பேரைக் கூப்பிடும்போது நான் அங்கே இல்லாவிட்டால் நன்றாக இருக்காது.

அண்ணன்
குணசேகரன்